எண்ணா, சரமா, எனமா? எக்ஸ்எம்எல் பார்சருக்கான வகை மாறிலிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

எக்ஸ்எம்எல் கோப்புகளைப் படிக்கும் பழைய ஜாவா நிரல் ஒன்றை டாமிலிருந்து ஸ்டாக்ஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். ஆவணம் முழுவதையும் நினைவகத்தில் மரமாகக் கட்டி வைப்பது டாம். ஒவ்வொரு நிகழ்வாகக் கேட்டு வாங்கிக்கொள்வது ஸ்டாக்ஸ். விலைப்பட்டியல் கோப்புகள் பெருத்துக்கொண்டே போனதால் அந்த மாற்றம் தேவைப்பட்டது.

நிரலில் ஒரு சிறிய துணைச் செயற்கூறு இருந்தது. கணுவின், அதாவது ஆவண மரத்தின் ஒரு துண்டின், வகையை எண்ணாக வாங்கிக்கொள்ளும். 3 என்றால் சாதாரண உரை, ஓரத்து வெற்றிடங்களை வெட்டு. 4 என்றால் சிடேட்டா (உள்ளே வரும் குறிகளையும் வெறும் எழுத்தாகவே படிக்க வேண்டிய உரைப்பகுதி), உள்ளதை உள்ளபடியே விடு. 8 என்றால் குறிப்புரை, தாண்டிப் போ. புதிய நிரலிலிருந்தும் அதையே அழைத்தோம். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிரலும் ஓடியது. ஆனால் பொருள்களின் குறியீடுகள் மட்டும் தரவுத்தளத்தில் இருந்தவற்றோடு பொருந்தவே இல்லை. இரண்டு நாள் தேடிய பிறகு கண்டுபிடித்தோம்: ஒவ்வொரு குறியீட்டின் முன்னும் பின்னும் ஒரு வரிமுறிவு ஒட்டிக்கொண்டிருந்தது.

காரணம் இந்த அட்டவணையில் இருக்கிறது.

| வகை | டாம் | ஸ்டாக்ஸ் |
|---|---|---|
| உறுப்பு (ஸ்டாக்ஸில் அதன் தொடக்கம்) | 1 | 1 |
| உரை | 3 | 4 |
| சிடேட்டா | 4 | 12 |
| செயலாக்க அறிவுறுத்தல் | 7 | 3 |
| குறிப்புரை | 8 | 5 |
| ஆவணம் | 9 | 7 (தொடக்கம்), 8 (முடிவு) |

உறுப்புக்கு இரண்டிலும் 1 என்பதால் மேலோட்டமான சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன. உரை 4 என்ற எண்ணோடு வந்தது. எங்கள் செயற்கூறு அதைச் சிடேட்டா என்று நம்பி, வெற்றிடங்களைத் தொடாமல் விட்டுவிட்டது. அந்தக் கோப்புகளில் செயலாக்க அறிவுறுத்தல் இருந்திருந்தால் அது 3 என்று வந்து உரையாகவே நடத்தப்பட்டிருக்கும்.

அன்று முதல், பார்சர் (கோப்பைப் படித்துப் பகுக்கும் நிரல்) எழுதும் எவரிடமும் முதலில் நான் கேட்பது வேகத்தைப் பற்றி அல்ல, 'வகைகளை எதில் எழுதிவைத்திருக்கிறீர்கள்?' என்பதைத்தான். முழு எண், சரம் (எழுத்துகளின் தொடர்), எனம் (பெயரிட்ட மதிப்புகளை மட்டுமே ஏற்கும் தனி வகை) என்று மூன்று வழிகள் பரவலாக இருக்கின்றன. மூன்றிலும் வேலை செய்த பிறகு எனக்கு ஒரு தெளிவான கருத்து உண்டு: வகைகளின் தொகுதி மூடியதா, புதியவற்றைச் சேர்க்கும்படி திறந்ததா என்பதைப் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

முழு எண்

எண்களைக் குறை சொல்வதற்கு முன் அவை ஏன் வந்தன என்பதைப் பார்க்க வேண்டும். டாமின் முதல் நிலை 1998 அக்டோபரில், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரையாக வெளியானது. எந்த மொழியிலிருந்தும் பயன்படுத்தத்தக்கதாக அதை வரையறுத்தார்கள்; அதிலேயே ஜாவாவுக்கும் எக்மாஸ்கிரிப்ட்டுக்கும் (ஜாவாஸ்கிரிப்ட்டின் தரநிலை வடிவம்) உரிய வடிவங்களைக் கொடுத்தார்கள். அன்று அந்த இரண்டு மொழிகளிலும் எனம் கிடையாது. ஜாவாவுக்கே அது 2004இல் ஐந்தாம் பதிப்போடுதான் வந்தது. ஆகவே 1 முதல் 12 வரை எண்களுக்குப் பெயர் சூட்டினார்கள். அன்றைய நிலையில் அது சரியான முடிவு.

சிக்கல் என்னவென்றால், எண்ணுக்குத் தான் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரியாது. பிஎச்பியில் டாம் நீட்சியில் 13 என்றால் எச்டிஎம்எல் ஆவணம். அதே மொழியின் எக்ஸ்எம்எல்ரீடரில் 13 என்றால் வெற்றிடம். இரண்டையும் ஒரே கோப்பில் பயன்படுத்துகிறவர் ஒருமுறை மாற்றிக் கொடுத்துவிட்டால், தடுக்க எதுவும் இல்லை.

ஜாவாவில் இன்னொரு பள்ளமும் உண்டு. மாறாத முழு எண்ணாக அறிவித்த மாறிலியின் மதிப்பைக் கம்பைலர், அதைப் பயன்படுத்தும் கிளாஸுக்குள்ளேயே நகலெடுத்துவிடும். லைப்ரரியில் மதிப்பை மாற்றி அதை மட்டும் மறுபடி கம்பைல் செய்தால், மற்ற கிளாஸ்கள் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். டாமின் எண்கள் மாறப்போவதில்லை என்பதால் அங்கே பிரச்சினை இல்லை. நீங்களாக உருவாக்கிய எண்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

சி மொழியில் எனம் என்ற பெயர் இருந்தாலும் அது அடியில் முழு எண்தான். சியில் எழுதிய எக்ஸ்எம்எல் லைப்ரரியான லிப்எக்ஸ்எம்எல்2 தன் கணு வகைகளை எனமாகவே அறிவிக்கிறது. ஆனால் வேறு எனத்தின் மதிப்பை அங்கே கொடுத்தால் மொழி அதைப் பிழையாகக் கருதாது.

சரம்

சரத்தின் பெரிய வரம், பதிவுக் கோப்பில் அது படிக்கத் தெரியும் என்பது. நள்ளிரவில் பிழை தேடும்போது '4' என்று பார்ப்பதற்கும் 'சிடேட்டா' என்று பார்ப்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. ஆனால் அந்தச் சொல்லே ஏமாற்றவும் செய்யும். சாக்ஸ் பார்சர் (நிகழ்வுகளைத் தானே நிரலுக்கு அனுப்பும் வகை) ஒரு பண்பின், அதாவது உறுப்பின் தொடக்கக் குறிக்குள் எழுதும் பெயர்-மதிப்பு இணையின், வகையைச் சரமாகத் தருகிறது: ஐடி, ஐடிரெஃப், என்எம்டோக்கன் என்று. டிடிடியில் (ஆவணத்தின் அமைப்பை அறிவிக்கும் பகுதி) வகை அறிவிக்கப்படாத பண்புக்குச் சிடேட்டா என்றே சொல்லும். இந்தச் சிடேட்டாவுக்கும், உறுப்பின் உள்ளே வரும் சிடேட்டா பகுதிக்கும் எந்த உறவும் இல்லை. முன்னது பண்பின் வகை, பின்னது உரையை எழுதும் ஒரு முறை. இரண்டு தொகுதிகளிலும் ஒரே எழுத்துகள் கொண்ட சர மாறிலி இருந்தால், ஒன்று மற்றொன்றின் இடத்தில் அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். ஆக, எண்ணுக்கு இருக்கும் அதே நோய் சரத்துக்கும் இருக்கிறது. எழுத்துப்பிழை என்ற கூடுதல் நோயும் சேர்கிறது.

தேதி, எண் போன்ற தரவு வகைகளில் சரத்தைப் பயன்படுத்துகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, முன்னொட்டோடு சேர்த்து ஒப்பிடுவது. ஒருவர் 'எக்ஸ்எஸ்' என்ற முன்னொட்டோடு தேதி வகையைக் குறிப்பார். இன்னொருவர் 'எக்ஸ்எஸ்டி' என்று வைத்திருப்பார். முன்னொட்டு சுட்டும் பெயர்வெளி (பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் முகவரி) ஒன்றே என்பதால் இரண்டும் ஒரே வகைதான். சர மாறிலிக்கு அது தெரியாது, முதல் கோப்பை ஏற்று இரண்டாவதைத் தள்ளிவிடும். ஜாவாவின் கியூநேம் இதற்காகவே இருக்கிறது: பெயர்வெளியையும் உள்ளூர்ப் பெயரையும் மட்டும் ஒப்பிடும், முன்னொட்டைக் கண்டுகொள்ளாது. சரம்தான் வேண்டும் என்றால் வெறும் சரத்தை விட்டுவிட்டு கியூநேமை எடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

எனம்

கணு வகைகளுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது எனம். கணு வகைகளின் தொகுதி மூடியது. ஆவணத்தை எழுதுகிறவர் புதிய உறுப்புகளை எவ்வளவு வேண்டுமானாலும் உருவாக்கலாம், புதிய வகைக் கணுவை உருவாக்க முடியாது. டாட்நெட் இதை எனமாகவே செய்தது: 1 முதல் 12 வரை டாமின் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே 17 வரை தன் தேவைகளைச் சேர்த்தது. உறுப்பின் முடிவுக்கு 15, எக்ஸ்எம்எல் அறிவிப்புக்கு 17. எண்ணும் இருக்கிறது, குடும்பப் பெயரும் இருக்கிறது.

எனத்தின் உண்மையான பலன், ஒரு வகையை நீங்கள் கையாள மறந்தால் கம்பைலர் சொல்லிவிடும் என்பது. ரஸ்ட்டில் 'மேட்ச்' எல்லா வகைகளையும் கேட்டே தீரும். ஜாவாவில் 2020இல் 14ஆம் பதிப்போடு மொழியின் நிலையான அம்சமாகிவிட்ட 'ஸ்விட்ச்' கோவைகளும் அப்படித்தான். இந்தப் பலனை நம் ஆட்கள் தங்கள் கையாலேயே கெடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது: பழக்கத்தில் கடைசியில் ஒரு 'டிஃபால்ட்' கிளையை எழுதிவிடுகிறார்கள். அதை எழுதிய நிமிடமே கம்பைலரின் வாய் அடைபட்டுவிடும். புதிய வகை வந்தாலும் அந்தக் கிளைக்குள் சத்தமில்லாமல் விழும்.

இன்னொன்று: ஜாவா எனத்தின் வரிசை எண்ணைத் தரவுத்தளத்தில் சேமிக்காதீர்கள். நடுவில் ஒரு பெயரைச் செருகினால் அதற்குக் கீழே உள்ள எல்லாம் ஒன்று நகர்ந்துவிடும். வெளியே போகும் மதிப்பை எனத்துக்குள் தனியாக எழுதிவையுங்கள்.

மூன்றும் ஒரே கிளாஸில்

ஜாவாவின் நிலையான தொகுப்பில் டேட்டாடைப்கான்ஸ்டன்ட்ஸ் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. எக்ஸ்எம்எல் ஸ்கீமாவின் (ஆவணத்தில் எங்கே எந்த வகைத் தரவு வரலாம் என்று வரையறுக்கும் மொழி) தேதி, கால அளவு வகைகளுக்கானது. மூன்று வழிகளையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க விரும்புகிறவர்கள் அதைத் திறந்து படிக்கலாம். மாதங்கள் முழு எண்கள். ஜனவரி 1, டிசம்பர் 12. தேதி, நேரம், ஆண்டு போன்ற வகைகள் கியூநேம்கள். கால அளவின் கூறுகளான ஆண்டுகள், மாதங்கள், நாள்கள் ஆகியவை 'ஃபீல்டு' என்ற உள் கிளாஸின் பொருள்கள். வெளியாள் புதிதாக ஒன்றை உருவாக்க முடியாதபடி அதன் கட்டமைப்பான் மூடப்பட்டிருக்கிறது. எனத்தின் பழைய கைவினை வடிவம் அது.

இவற்றில் அடி வாங்கியது முழு எண்தான். ஜாவாவின் பழைய காலண்டர் கிளாஸில் ஜனவரி 0. அந்த மாறிலியை இந்தப் பக்கம் கொடுத்தால் பிப்ரவரி ஜனவரியாகிவிடும். ஜனவரி மட்டும் செல்லாத மாதமாகி மாட்டிக்கொள்ளும். மற்ற பதினொன்றும் தப்பித்துப் போகும். கியூநேமிலும் ஃபீல்டிலும் இப்படி ஒரு குழப்பத்துக்கு வழியே இல்லை.

தரவு வகைகளுக்கு எது?

எக்ஸ்எம்எல் ஸ்கீமா 1.0இல் உள்ளமைந்த வகைகள் 44: அடிப்படை 19, அவற்றிலிருந்து பிறந்தவை 25. 44 என்பது முடிந்த கணக்கு போலத் தெரிவதால் பலர் எனம் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஸ்கீமா எழுதுகிறவர் யாரும் இவற்றிலிருந்து புதிய வகையைப் பிறப்பிக்கலாம். அஞ்சல் குறியீடு என்று ஒரு வகை, ஆறு இலக்கம் என்ற கட்டுப்பாட்டோடு, நாளைக்கே வரலாம். தொகுதி திறந்தது. இங்கே எனம் மட்டும் போதாது.

பெயர் மட்டும் இருந்தாலும் போதாது, வாசிக்கும் விதியும் பெயரோடு ஒட்டியிருக்க வேண்டும். ஸ்கீமாவின் பூலியன் நான்கு வடிவங்களை ஏற்கிறது: ட்ரூ, ஃபால்ஸ், 1, 0. ஜாவாவின் பார்ஸ்பூலியனிடம் '1' கொடுத்தால் பொய் என்று விடை வரும், பிழைச் செய்தி எதுவும் வராது. முடிவிலியை ஸ்கீமா மூன்று எழுத்துகளில் 'ஐஎன்எஃப்' என்று எழுதுகிறது. ஜாவாவின் பார்ஸ்டபிள் அதை ஏற்காமல் விதிவிலக்கு எறியும். வெற்றிடத்திலும் விதி உண்டு: 'ஸ்ட்ரிங்' அதை அப்படியே காக்கும், 'நார்மலைஸ்டுஸ்ட்ரிங்' தாவலையும் வரிமுறிவையும் இடைவெளியாக மாற்றும், 44இல் மற்றவை எல்லாம் ஓரங்களை வெட்டி நடுவில் உள்ளவற்றை ஒன்றாகச் சுருக்கும். மாறிலியை ஓரிடத்திலும் இந்த விதிகளை இன்னோரிடத்திலும் வைத்தால், இரண்டும் ஒருநாள் பிரிந்து போகும்.

நான் இப்போது செய்வது இதுதான். 44 வகைகளுக்கும் ஓர் எனம். ஒவ்வொன்றும் தன் கியூநேமையும், வெற்றிட விதியையும், வாசிக்கும் செயற்கூறையும், தன் தாய் வகையையும் சுமந்திருக்கும். வெளியே கியூநேமைச் சாவியாகக் கொண்ட ஓர் அகராதி. ஸ்கீமாவில் புதிய வகை வந்தால் அது எந்த வகையிலிருந்து பிறந்தது என்ற தகவலோடு அகராதியில் சேரும், எனத்தைத் தொட வேண்டியதில்லை. 'அஞ்சல் குறியீடு' வந்ததும் நிரல் அதன் தாயைக் கேட்கும். தாய் 'டோக்கன்' என்றால் அதன் வெற்றிட விதியையும் வாசிப்பையும் எடுத்துக்கொண்டு, ஆறு இலக்கக் கட்டுப்பாட்டை மட்டும் மேலே பொருத்தும். தாயும் அகராதியில் இல்லாத பெயராக இருந்தால் அங்கேயே நின்று, அந்தப் பெயரைப் பெயர்வெளியோடு முழுமையாக எழுதி, கோப்பின் வரி எண்ணையும் சேர்த்துப் பிழையாகத் தரும்.