சிம்கோ ஏரியில் ஐஸ் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு: காசு அனுப்ப முதல் இதை வாசியுங்கள்

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை நடந்தது இது. கோபம் ஆறட்டும் என்று இரண்டு கிழமை பேசாமல் இருந்தேன். நேற்று எங்களை ஏமாற்றிய ஆளின் விளம்பரம் வேறு பெயரில், அதே படத்தோடு திரும்பவும் கண்ணில் பட்டதால் எழுதுகிறேன்.

மாமாவுக்கு (மனைவியின் அப்பா, 71 வயது, பருத்தித்துறைக்காரர்) உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பதைப் பார்க்கவேண்டும் என்று நெடுநாள் ஆசை. நான், மச்சான், என் 12 வயது மகன், மாமா என்று நாலு பேர். இணையத்தில் ஒரு விளம்பரம்: ஆளுக்கு 90 டொலர், ஹீட்டர் போட்ட குடில், துளை, தூண்டில், இரை, ஏரிக்குள் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவது எல்லாம் உள்ளடக்கம், வைட்பிஷ் மீன் நிச்சயம். முழுக் காசையும் முன்கூட்டியே ஈ-ட்ரான்ஸ்பர் பண்ணச் சொன்னார். 360 டொலரையும் அனுப்பினேன். அவருடைய கணக்கில் பணம் தானாகவே விழும்படி வைத்திருந்தார், அனுப்பிய கையோடு போய்விட்டது. பிறகு வங்கியில் கேட்டால், நீங்களாக விரும்பி அனுப்பியது, எங்களால் இழுத்தெடுக்க முடியாது என்கிறார்கள்.

விளம்பரக்காரர் சொன்னதில் முதல் பொய் மீன்பிடி லைசென்ஸ். "எங்கள் பெயரில் இருக்கிறது, உங்களுக்குத் தேவையில்லை" என்றார். அப்படி ஒன்று கிடையவே கிடையாது. ஒன்ராறியோவில் 18இலிருந்து 64 வயது வரைக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரில் எடுக்கவேண்டும். பிள்ளைகளுக்கும் 65 தாண்டியவர்களுக்கும் வேண்டாம், வயதானவர்கள் பிறந்த திகதி உள்ள அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தால் சரி. எனக்குச் சந்தேகம் வந்து முதல்நாள் இரவு எனக்கு ஒருநாள் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். மச்சான் எடுக்கவில்லை. அதனால் அவர் அன்றைக்கு முழுக்கத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற வேலை மட்டும் பார்த்தார்.

விடிய ஆறரைக்குக் கெசிக் பக்கம் கரையில் நிற்கச் சொன்னார். 404 நெடுஞ்சாலை முடிகிற இடத்திலிருந்து கொஞ்சத் தூரம்தான், நாங்கள் ஆறே காலுக்கே போய்விட்டோம். எட்டு இருபதுக்கு ஒரு பொடியன் ஸ்னோமொபைலில் பின்னால் ஒரு சறுக்கு வண்டியைக் கட்டிக்கொண்டு வந்தான். மூடிய வண்டி என்றுதானே படத்தில் இருந்தது என்று கேட்டேன், அது பழுதாம். ஐஸ் எவ்வளவு தடிப்பு என்று கேட்டேன், "காணும் காணும்" என்றான். எத்தனை அங்குலம் என்று அவன் வாயிலிருந்து கடைசிவரை வரவில்லை.

அவன் எங்களைக் குடிலில் கொண்டுபோய் விட்ட இடம் குக்ஸ் பே, ஏரியின் ஆழம் குறைந்த விரிகுடா. பேர்ச் என்கிற மீன் பிடிக்க நல்லது, வைட்பிஷ் ஆழத்தில் கிடக்கிற மீன். இது அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு துளையிலும் ஐஸ் திரும்பப் படிந்து கிடந்தது, பொடியன் காலால் உதைத்து உடைத்துவிட்டு, நாலு மணிக்கு வருகிறேன் என்று போய்விட்டான். இரை என்று ஒரு போத்தலில் ஏழு சின்ன மீன், அதில் மூன்று செத்துப்போயிருந்தது.

குளிரில் ஹீட்டரின் சூடு சொர்க்கமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. பத்தரை மணியளவில் மகன் தலையிடிக்கிறது என்றான். சாப்பிடாததால் என்று நினைத்து ஒரு ரோல்ஸ் கொடுத்தேன். கொஞ்சத்தில் எனக்கும் நெற்றி கனத்தது. அந்த நேரம் பக்கத்துக் குடிலில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், மீன் ஏதும் கொத்துகிறதா என்று கேட்க வந்து கதவைத் திறந்தவர், ஒரு வார்த்தையும் பேசாமல் மேலே கையை விட்டு, காற்றுப் போகிற ஓட்டைக்குள் அடைத்திருந்த ஒரு பழைய நீலத் துவாயை இழுத்து வெளியே எறிந்தார். பிறகுதான் எங்களைப் பார்த்து, எல்லாரும் வெளியே வாருங்கள் என்றார். ஹீட்டரில் புரொப்பேன் காஸ் எரியும்போது காற்றோட்டம் இல்லாவிட்டால் காபன் மொனொக்சைட் என்கிற நச்சு வாயு சேரும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. சூடு வெளியே போகாமல் இருக்க, காஸ் மிச்சம் பிடிக்க, யாரோ துவாய் அடைத்திருக்கிறார்கள். 360 டொலர் போனதுகூட எனக்குப் பெரிதில்லை, இதை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

அந்தக் கிழவர்தான் குடிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நம்பர் எங்கே என்று கேட்டார். ஏரியில் வைக்கிற குடிலுக்கு மாகாணத்தில் பதிந்த இலக்கம் வேண்டும், வெளியே இரண்டரை அங்குல உயரத்தில் தெரியும்படி எழுதியிருக்கவேண்டும் (சின்னத் துணிக் கூடாரம் என்றால் வேண்டாம்). எங்களுடையதில் ஒன்றும் இல்லை. பிறகு தன் ஓகரால் (ஐஸில் துளை போடுகிற துரப்பணம்) பக்கத்தில் ஒரு துளை போட்டுக் காட்டினார். ஏழு அங்குலம் வரும், ஆனால் மேல் பாதி வெள்ளை ஐஸ், பனி நனைந்து உறைந்தது. தெளிந்த ஐஸின் பாதிப் பலம்தான் அதற்கு என்றார். நல்ல தெளிந்த ஐஸ் நாலு அங்குலம் இருந்தால் நடக்கலாம், ஸ்னோமொபைலுக்கு ஐந்திலிருந்து ஏழு வேண்டும். ஆறு பேரோடு ஆட்டிக் குலுக்கிக்கொண்டு வந்தால் என்ன கணக்கென்று யோசித்துப் பாருங்கள் என்றார். நாங்கள் பொடியனோடு ஐந்து பேர்தான், அதை நான் திருத்தப் போகவில்லை. மாமா துளையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "கடலிலைகூட ஆழம் கேக்காமல் இறங்கமாட்டம் தம்பி, உவன் என்னெண்டு விட்டவன்?"

பன்னிரண்டரைக்குக் காஸ் முடிந்துவிட்டது. ஃபோன் அடித்தால் எடுக்கவில்லை, மூன்று மணிக்கு மேல் ஓஃப். நாலு மணி, நாலேகால், ஒரு குருவியும் இல்லை. வெளிச்சம் இருக்கிறபோதே வெளிக்கிட்டுவிட்டோம். கிழவர் தன்னுடைய இரும்புத் தண்டால் முன்னே ஐஸைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு நடந்தார், நாங்கள் இடைவெளி விட்டு ஒருவர் பின் ஒருவராக. அரை மணிக்கு மேல் எடுத்தது. நடுவில் ஒரு தரம் இடி மாதிரிச் சத்தம், மகன் என் ஜக்கெட்டைப் பிடித்த பிடியில் தையல் விட்டுவிட்டது. ஐஸ் விரியும்போது அப்படித்தான் சத்தம் வரும், அதற்குப் பயப்படவேண்டாம், ஈரமாகத் தெரிகிற வெடிப்புக்குத்தான் பயப்படவேண்டும் என்றார் கிழவர். பெயர்கூடக் கேட்க மறந்துவிட்டேன்.

பிடித்தது மூன்று பேர்ச், மூன்றும் மாமா.

விளம்பரத்துப் படத்தில் சிவப்புக் குடில், வாசலில் பச்சை நாற்காலி, பின்னால் பெரிய மலை. குக்ஸ் பேயைச் சுற்றி எங்கே மலை இருக்கிறது? அந்தப் படத்தைக் கண்டால் ஃபோன் எடுத்துக் குடிலின் நம்பரைக் கேளுங்கள், எனக்கும் ஒரு செய்தி போடுங்கள். முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்க அந்த ஆள் போடுகிற ஒவ்வொரு பெயரையும் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை மூன்று.