நிலையான க்யூஆரா, மாற்றக்கூடிய க்யூஆரா?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை. இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு ஆள் சேர்க்கக் கட்டைப்பையில் க்யூஆர் கோடு அச்சடிக்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த வகை நல்லது?

நிலையான வகையில் லிங்க் முழுவதும் கட்டங்களுக்குள்ளேயே பதிந்துவிடும். செலவில்லை, காலாவதி இல்லை, நடுவில் ஆளும் இல்லை. ஆனால் அச்சடித்த பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. லிங்க் நீள நீளக் கட்டங்கள் பொடியாகும். கசங்கிய பையில் போன் கேமரா திணறும்.

மாற்றக்கூடிய வகையில் ஒரு குட்டி லிங்க்தான் இருக்கும். அது சேவை தருபவரின் சர்வருக்குப் போய், அங்கிருந்து நம் பக்கத்துக்குத் திருப்பிவிடும். ஆடித் தள்ளுபடிக்கு ஒரு வீடியோ, தீபாவளிக்கு வேறொன்று, பை அதேதான். எத்தனை ஸ்கேன் ஆனது என்ற கணக்கும் கிடைக்கும். தலைவலி சந்தாதான். கட்டாமல் விட்டால் பல சேவைகளில் கோடு செத்துவிடும். ஊரெல்லாம் சுற்றும் பைகளை யார் திரும்ப வாங்குவது?

கடைக்கு இரண்டாவதுதான் சரி. காசிமேட்டு கானா பாடகரின் யூடியூப் சேனல் போஸ்டருக்கு முதலாவதே போதும், சேனல் முகவரி அடிக்கடி மாறுவதில்லையே. சொந்த டொமைன், அதாவது நம் பெயரில் பதிந்த இணைய முகவரி, இருந்தால் கதையே வேறு: அதன் லிங்க்கை நிலையான கோடாக்கி, திருப்பிவிடும் வேலையை நாமே பார்த்துக்கொள்ளலாம். சந்தா மிச்சம்.

அப்புறம், ராயபுரம் சுவரில் போஸ்டர் கிழியாமல் இருக்குமா என்ன! கோடு உருவாக்கும்போது பிழைதிருத்தத்தை, அதாவது சேதத்தைத் தாங்கும் திறனை, உச்சமான ‘எச்’ (H) நிலையில் வைத்தால், சுமார் 30 சதவீதம் வரை சேதமானாலும் படிக்கும். கட்டங்கள் கூடும், அதனால் கோட்டைப் பெரிதாகவே அச்சடியுங்கள். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை விளிம்பு விடச் சொல்லுங்கள்.