கதவு ஸ்பீக்கரை மாற்றும்போது கம்பனி வயரா, புது வயரா?

இலங்கையில் வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக்கான கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடையில் திருகோணமலையில் நாங்கள் எல்லோரும் இருந்த வாகனத்தையே பேணிப் பேணி ஓடினோம், காரை மாற்ற வழியில்லாததால் முதலில் சீட் உறையை மாற்றினோம், அப்புறம் டாஷ்போர்ட்டில் பாட்டுப் போடும் செட்டை, அப்புறம் கதவு ஸ்பீக்கரை. ஸ்பீக்கருக்கு வந்ததும் எல்லோருக்கும் ஒரே சந்தேகம் வருகிறது: காரோடு வந்த கம்பனி வயரிலேயே புது ஸ்பீக்கரைக் கொழுவலாமா, அல்லது கதவு பெனல், தரை விரிப்பு எல்லாம் கழற்றிப் புதிதாக வயர் இழுக்க வேண்டுமா?

நான் இரண்டையும் செய்து பார்த்தவன். என்னுடைய விட்ஸில் கம்பனி வயரை அப்படியே விட்டேன். நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் ஹயர் ஓடும் அத்தானின் டொல்பின் வானில் முழுக்கப் புது வயர். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செட்டிலிருந்து நேராக ஓடும் கதவு ஸ்பீக்கருக்குக் கம்பனி வயர் தாராளமாகப் போதும். அம்ப் (செட்டின் ஒலியைப் பெருக்கித் தரும் தனிப் பெட்டி) வைத்தாலும் ஒரு கதவுக்கு 50, 60 வோட்ஸ் வரைக்கும் பயமே வேண்டாம். வயருக்குச் செலவழிக்க நினைத்திருக்கும் காசை மூட்டுகளுக்கும் கதவுக்கும் செலவழியுங்கள்.

"தம்பி, வயர் நூல் மாதிரி இருக்குது, இதில எப்பிடிப் பாட்டு வரும்?" என்று அத்தான் கேட்டார். கண்ணுக்கு அப்படித்தான் தெரியும், ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. செட்டிலிருந்து முன்கதவு ஸ்பீக்கர் வரை வயர் வளைந்து நெளிந்து போகும் தூரம் 3 மீற்றர் என்று வைப்போம். போகவும் வரவும் சேர்த்து 6 மீற்றர் செம்பு. கம்பனி வயர் 0.5 சதுர மில்லிமீற்றர் தடிப்பு என்றால் அதன் மின்தடை மீற்றருக்கு ஏறக்குறைய 0.034 ஓம், ஆறு மீற்றருக்கு 0.2 ஓம். 4 ஓம் ஸ்பீக்கரில் அதனால் குறைகிற சத்தம் 0.44 டெசிபல். அதே இடத்தில் 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் தடை 0.07 ஓம், குறைவது 0.15 டெசிபல். ஆக, பெனல் கழற்றி, கதவில் கை கிழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொடுத்து நாம் வாங்குவது 0.3 டெசிபல். ஒரு டெசிபல் கூடினாலே காதைக் கொடுத்துக் கேட்டால்தான் பிடிபடும், இது அதில் மூன்றில் ஒரு பங்கு.

"தடித்த வயர் போட்டால் பாஸ் இறுகும்", அதாவது அடித்தொனி திடமாகக் கேட்கும், என்று ஒரு கதை உண்டு. ஸ்பீக்கருக்குள் இருக்கும் கொயிலை மல்ரி மீற்றரால் அளந்து பாருங்கள், 4 ஓம் ஸ்பீக்கரில் 3 ஓமுக்குச் சற்று மேலே காட்டும். மின்னோட்டம் எப்படியும் அந்தத் தடைக்குள்ளால்தான் போய் வர வேண்டும், அதோடு ஒப்பிட்டால் வயரின் 0.2 ஓம் எந்த மூலைக்கு?

செட் பெட்டியில் "50 வோட்ஸ் x 4" என்று அச்சடித்திருப்பதையும் நம்ப வேண்டாம். எஞ்சின் ஓடும்போது காரில் இருப்பது 14.4 வோல்ட். உள்ளே வோல்ட் கூட்டித் தரும் சுற்று இல்லாத சாதாரண செட், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதறாமல் தரக்கூடிய உச்சம் கணக்குப்படியே 26 வோட்ஸ்தான், நடப்பில் 15 இலிருந்து 20 வரை. 20 வோட்ஸுக்கு வயரில் ஓடுவது 2.2 அம்பியர். கம்பனி வயர் அதை நோகாமல் சுமக்கும்.

அப்படியென்றால் கம்பனி வயரில் குறையே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது தடிப்பில் இல்லை, எங்கள் ஊர்க் காற்றில் இருக்கிறது. டச்பே பக்கம் குடியிருப்பவருக்குச் சொல்லத் தேவையில்லை, வாடைக் காற்று தொடங்கினால் ஜன்னல் கம்பியில்கூட உப்புப் படியும். என் காரின் இடது கதவில் ஒரு பிரச்சினை இருந்தது: வேகத்தடையில் ஏறி இறங்கினால் பாட்டு போகும், கதவை ஓங்கிச் சாத்தினால் திரும்ப வரும். பார்த்த மூன்று பேரும் "வயர் சரியில்லை, புதிதாக இழு" என்றே சொன்னார்கள். பெனலைக் கழற்றி ஸ்பீக்கர் பிளக்கை இழுத்தேன், உள்ளே பின் இரண்டிலும் பச்சைக் களிம்பு. கோயிலில் விளக்காமல் விட்ட செம்புக் குடத்தில் பிடிக்குமே, அதே பச்சை. பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு வயரின் தோலை உரித்தால் முதல் இரண்டு அங்குலத்துக்கு இழைகள் கறுத்துப் போயிருந்தன, அதற்கும் அப்பால் புதுச் செம்பு, சிவப்பாக, பளிச்சென்று. அந்த இடத்தில் புது முனை வைத்து அழுத்தி, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாய் போட்டுச் சூடு காட்டி மூடினேன். அதற்குப் பிறகு இரண்டு மாரி போய்விட்டது, கதவு ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை.

முனையைத் தேடி வெட்டிக்கொண்டே போயும் செம்பு கறுப்பாகவே வந்தால் சரி, புது வயர்தான். வெள்ளத்தில் நின்ற வாகனம், கடலோரத்தில் கூரையில்லாமல் வருடக்கணக்கில் நின்ற வாகனம் என்றாலும் அதே பதில்.

புது வயரின் பக்கம் வருவோம். கடையில் வயர் தடிப்பாகத்தான் இருக்கும், உள்ளே செம்புதானா என்று பார்ப்பவர்கள் குறைவு. ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டுங்கள். சிவப்புப் போய் வெள்ளி நிறம் வந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு பூசியது. அதன் கடத்தும் திறன் சுத்தச் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1.5 என்று வாங்குவது செம்பில் 1.0 போட்டதற்குச் சமம். அதைவிடப் பெரிய சிக்கல், முனையில் பூச்சு விலகிய இடத்தில் உப்புக் காற்றுப் பட்டால் அலுமினியம் வேகமாக அரித்து மாவாகிவிடும். கம்பனி வயரைக் கழற்றிவிட்டு இதைப் போடுவது நல்லதைக் கொடுத்துக் கெட்டதை வாங்குவது.

அடுத்தது கதவுக்கும் பொடிக்கும் (வாகனத்தின் உடல் தகட்டுக்கும்) இடையில் வயர்கள் போகும் இறப்பர் குழாய். முழு வேலையிலும் கஷ்டமான இடம் அந்த அரை அடிதான். சில வாகனங்களில் அங்கே குழாய்க்குப் பதிலாக இறுக்கமான பிளாஸ்டிக் பிளக் இருக்கும், புது வயருக்கு வழியே இராது, துளை போட்டால்தான் உண்டு. அத்தானின் வானில் வயர் இழுத்த கடைக்காரர் இறப்பர் குழாயோடு மல்லுக்கட்டாமல் தகட்டில் பக்கத்திலேயே துளை போட்டு, அதன் விளிம்புக்கு இறப்பர் வளையமும் போடாமல் வயரை விட்டிருந்தார். ஹயர் வான் அல்லவா, ஒரு நாளைக்கு எத்தனை முறை கதவு திறந்து பூட்டும்! சில மாதத்தில் தகட்டு விளிம்பு தோலை அறுத்து, செம்பு பொடியில் முட்டி, ஹபரணைக்குப் போகிற வழியில் அம்ப் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புள்ள அம்ப் என்பதால் தப்பியது. இக்காலத்துச் செட்டில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலுமே மின் வருகிறது, மைனஸ் என்று நினைத்து ஒன்றைப் பொடியில் தொட்டால்கூட உள்ளே ஒலியைப் பெருக்கும் ஐசி சில்லு எரிந்துபோகலாம்.

ஆனால் அதே வானில் பின்பக்க ஸ்பீக்கர்களுக்குப் புது வயர் போட்டது முழுக்கச் சரி. முன்னால் இருந்து கடைசி சீட் வரை ஒரு வழிக்கு 6 மீற்றர், போக வர 12. கம்பனித் தடிப்பில் அது 0.4 ஓமைத் தாண்டும். 4 ஓம் ஸ்பீக்கரில் 0.85 டெசிபல் போகிறது, இரண்டை இணையாகக் கட்டி 2 ஓம் ஆக்கினால் 1.6 டெசிபல். அது காதுக்குத் தெரியும். 1.5 செம்பு போட்டதும் 4 ஓமில் இழப்பு 0.3 டெசிபலுக்கு இறங்கிவிட்டது. பின்பக்கத்தில் கதவுக் குழாய்த் தொல்லையும் இல்லை, தரை விரிப்புக்குக் கீழால் ஓரமாக இழுத்துக்கொண்டு போகலாம்.

சப் வூஃபர் (பாஸுக்கு மட்டுமான பெரிய ஸ்பீக்கர்) வைப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. அதற்குப் புது வயர்தான், அதன் அம்புக்குப் பற்றரியிலிருந்து தனி வயர், பற்றரிப் பக்கத்திலேயே பியூஸ்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அம்பை சீட்டுக்குக் கீழே வைத்து, அங்கிருந்து செட்டின் பின்பக்கம் வரை மட்டும் நல்ல செம்பு வயர் இழுத்து, அந்த இடத்தில் கம்பனி வயரோடு சேர்த்துவிடுவது. கதவைத் தொடவே தேவையில்லை. அம்ப் தரும் பலன் முழுவதும் கிடைக்கிறது, இறப்பர் குழாயும் கம்பனி கட்டியபடியே இருக்கிறது.

இந்த வழியில் போகிறவர்கள் நிறத்தை நம்பி மட்டும் வயரைச் சேர்க்க வேண்டாம். பழைய ரொயோட்டாக்கள் பலவற்றில் மஞ்சள் என்பது பின் இடது ஸ்பீக்கரின் மைனஸ். கடையில் வாங்கும் செட்டில் மஞ்சள் என்பது பற்றரியின் பிளஸ். அதுபோல ஊதா ரொயோட்டாவில் முன் இடது மைனஸ், கடைச் செட்டில் பின் வலது. மஞ்சளோடு மஞ்சளைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வாகனத்துக்குரிய அடப்டர் பிளக் கிடைத்தால் அதையே வாங்குங்கள், கிடைக்காவிட்டால் ஒவ்வொரு வயராக மீற்றரால் பார்த்துப் பெயர் ஒட்டுங்கள்.

மூட்டை முறுக்கி ரேப் சுற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதிய வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்ட்டுக்குள் அந்த ரேப்பின் பசை உருகி வழிந்து, ரேப் தானாகவே கழன்று தொங்கும். அழுத்தும் முனையே நல்லது. ஈயம் வைப்பதானால் ஈயம் ஏறிய இடம் விறைத்து, ஆடும்போது ஓரத்தில் முறியும், அதனால் அந்த இடத்தை அசையாமல் கட்டிவிட வேண்டும்.

வயரில் மிச்சம் பிடித்த காசுக்கு நான் செய்தது: ஸ்பீக்கருக்குப் பின்னால் உறுதியான வளையம் (எம்டிஎஃப் பலகை வேண்டாம், மழைத்தண்ணீர் பட்டால் ஊதிவிடும், படகுக்குப் போடும் பிளைவுட்டை வெட்டி வார்னிஷ் பூசினேன்), கதவின் உள் தகட்டில் இருந்த பெரிய ஓட்டைகளுக்கு மூடி, தகட்டுக்கு அதிர்வை அடக்கும் ஷீற். அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் மூடக்கூடாது. கதவைத் தட்டினால் முன்பு தகர டப்பா போலக் கேட்டது, இப்போது மரக்கதவு போலக் கேட்கிறது.

எல்லாம் முடித்துப் பூட்டிய பிறகும் பாஸ் மெலிந்துதான் கேட்டது. பக்கத்தில் நின்ற அத்தான் "சொன்னேனே தம்பி, வயர்தான்" என்றார். செட்டுக்குப் பின்னால் ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, அந்த முனையில் ஒன்றரை வோல்ட் பற்றரியைத் தொட்டுப் பார்த்தோம். பிளஸ் சரியாக இருந்தால் ஸ்பீக்கரின் முன்னால் இருக்கும் கோன் வெளியே தள்ள வேண்டும். இடது கதவில் தள்ளியது. வலது கதவில் உள்ளே இழுத்தது. அவசரத்தில் நான்தான் அந்த முனைகளை மாறிக் கொழுவியிருந்தேன். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் பாஸ் எப்படிச் சேரும்? இரண்டு முனையையும் மாற்றிப் போட்டதும் சீட்டே அதிர்கிற மாதிரி பாஸ் வந்தது, அதே கம்பனி வயரில்.