கிளாஸ்டன்பரியில் ஒரு யூல் கடை: பேச்சு அருமை, சரக்கு பாதிதான் தேறும்

என்னோடு வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி பேகன், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாடுகளை மீட்டுக் கடைப்பிடிக்கிறவள். டிசம்பர் ரோஸ்டர் போடும்போது எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் உண்டு. 21ஆம் தேதி இரவு அவளுடைய டியூட்டியை நான் பார்ப்பேன், 25ஆம் தேதி காலை என்னுடையதை அவள் பார்ப்பாள். அவளுக்கு யூல், நீண்ட இரவு முடிந்து சூரியன் திரும்பும் நாள்; எனக்குக் கோயிலில் கிறிஸ்துமஸ் காலை ஆராதனை. "எங்க பண்டிகைக்கு லீவு கிடையாது, உங்க பண்டிகைக்கு வேலை பார்த்தா எனக்குக் கூடுதல் சம்பளம். நஷ்டம் உனக்குத்தான்" என்று கேலி செய்வாள். இந்த வருடம் அவளுக்கு யூல் பரிசாக ஏதாவது வாங்கலாமே என்று இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருந்து 376ஆம் நம்பர் பஸ்ஸில் கிளாஸ்டன்பரி போனேன். அங்கே பார்த்த கடையைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

கடையின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், சின்னக் கடை, பிழைத்துப் போகட்டும். ஹை ஸ்ட்ரீட்டில் இதே மாதிரி கடைகள் வரிசையாக இருக்கின்றன. நான் சொல்வதில் பாதி மற்றதற்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

உள்ளே போனதும் வாசம் தூக்கியது. சாம்பிராணி என்று நினைத்தால், குந்துருக்கம். கூடவே வெள்ளைப்போளம். சாஸ்திரிகள் பாலகன் இயேசுவுக்குக் கொண்டுவந்ததாக நாங்கள் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த அதே இரண்டும், இங்கே 'சங்கிராந்தித் தூபம்' (நம் பொங்கல் இல்லை, டிசம்பர் 21) என்ற லேபிளோடு சின்னப் பையில் 5 பவுண்டு. பொடி இல்லை, நல்ல பிசின் கட்டிகள். கரித்துண்டு தனியாக வாங்க வேண்டும். கடையில் தயங்காமல் வாங்கக்கூடிய பொருள் இதுதான்.

அடுத்து யூல் கட்டை. பாதியாகப் பிளந்த பிர்ச் மரத்தில் மூன்று ஓட்டை போட்டு, மூன்று மெழுகுவர்த்தி நட்டு, சுற்றிலும் ஐவி இலையும் ஹாலி இலையும் ஒட்டியிருக்கிறார்கள். 24 பவுண்டு. பார்க்க அழகுதான், ஆனால் ஓட்டை பெரிது, மெழுகுவர்த்தி ஆடுகிறது. காய்ந்த இலையோ திரியில் இருந்து நாலு விரல் தள்ளித்தான் இருக்கிறது. தீக்காயத்துக்குக் கட்டுப்போட்ட அனுபவம் உள்ளவள் என்பதால் சொல்கிறேன்: வாங்கினால் முதல் வேலையாக இலையைப் பிய்த்துப் போடுங்கள். கடைக்கார அம்மாவிடம் சொன்னேன். உடனே தேன்மெழுகு ஒரு உருண்டை எடுத்துவந்து ஓட்டையில் வைத்து அழுத்திக் காட்டினார். ஆட்டம் நின்றது. அதை முதலிலேயே செய்து விற்கக் கூடாதா?

புல்லுருவிக் கொத்து 3 பவுண்டு. நம் ஊர் மாமரத்தில் தொற்றிக்கொண்டு விவசாயியைச் சபிக்க வைக்கிறதே, அதன் தூரத்துச் சொந்தம். இங்கே ஆப்பிள் தோட்டங்களில் வளர்கிறது. டென்பரி வெல்ஸ் என்ற ஊரில் டிசம்பர் நெருங்கும்போது இதற்கென்றே ஏலம் நடக்கும். துருயிதுகள் என்ற பழங்காலக் கெல்டிய பூசாரிகள் ஓக் மரத்தில் இருந்து இதைத் தங்க அரிவாளால் அறுத்ததாக ரோமானியரான பிளினி எழுதி வைத்திருக்கிறார். இப்போது இது எல்லோர் வீட்டு வாசலிலும் தொங்குகிறது. வெள்ளைப் பழம் வயிற்றுக்கு ஆகாது, குழந்தை கைக்கு எட்டாமல் கட்டுங்கள்.

இனி நான் மார்க் குறைத்த இடம். கல்லா பக்கத்தில் வாழ்த்து அட்டை ஸ்டாண்டு. அதில் ஒன்று, 'காரணம் பூமியின் சாய்வு' என்று 23.4 டிகிரி படத்தோடு இருந்தது. 'இயேசுவே இப்பண்டிகையின் காரணர்' என்று சபைகள் எழுதி வைப்பதற்குப் பதில் அடி. சிரிப்பு வந்தது, வாங்கிவிட்டேன். மற்ற பாதி அட்டைகளில் 'மரம் எங்களுடையது, தேதி எங்களுடையது, நீங்கள் திருடினீர்கள்' என்கிற ரகம். கூடவே ஓர் இலவசத் துண்டுச்சீட்டு, திருடப்பட்டவற்றின் பட்டியல்.

எனக்குப் படிக்கிற வியாதி உண்டு. கிறிஸ்துமஸ் மரத்துக்குத் தெளிவான பழைய எழுத்து ஆதாரங்கள் கிடைப்பது 16ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்ஸின் அல்சாஸ் பக்கத்தில், கிறிஸ்தவர்கள் நடுவில். டிசம்பர் 25ஐ எடுத்துக்கொண்டால், கி.பி. 354இல் ரோமில் தொகுத்த ஒரே ஏட்டில் வெல்லப்படாத சூரியனின் பிறந்தநாளும் இருக்கிறது, கிறிஸ்துவின் பிறப்பும் இருக்கிறது. யார் யாரைப் பார்த்து வைத்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். இன்று பேகன்கள் கொண்டாடும், யூல் உட்பட வருடத்துக்கு எட்டுப் பண்டிகை என்ற சக்கரம் 1950களில் உருவம் பெற்றது. அதற்காக அது பொய் ஆகிவிடாது; ஆனால் அதை வைத்துத் திருட்டுக் கேஸ் போட முடியாது. பேகன்கள் பக்கத்துக்கு நல்ல சாட்சி வேண்டுமென்றால் பழங்கால ஆங்கிலேயக் கிறிஸ்தவத் துறவி பீட் இருக்கிறார். கிறிஸ்து பிறந்ததாகத் தாங்கள் கொண்டாடும் அதே இரவை முன்பு ஆங்கிலேயர் 'தாய்மார் இரவு' என்று கொண்டாடினார்கள் என 725இல் எழுதியவர் அவர். துண்டுச்சீட்டில் அவரைக் காணோம்.

'கிறிஸ்துமஸ் பேகன் சரக்கு' என்று வரலாற்றில் உரக்கச் சொன்னவர்களில் முன்வரிசை, பைபிளில் இல்லாத சடங்கெல்லாம் வேண்டாம் என்ற பியூரிட்டன் கிறிஸ்தவர்கள். அவர்கள் கை ஓங்கிய நாடாளுமன்றம் 1647இல் இங்கிலாந்தில் கிறிஸ்துமஸையே ஒழித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659இல் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்றார்கள். எங்கள் நாகர்கோவில் பக்கம் சில பெந்தெகொஸ்தே சபையார் இன்றும் ஸ்டார் கட்ட மாட்டார்கள், காரணமும் ஏறக்குறைய அதேதான். புல்கூடு வைக்கிற எங்கள் வீட்டைப் பார்த்து அவர்கள் சொன்னதை கிளாஸ்டன்பரி வாழ்த்து அட்டையில் படிப்பேன் என்று நான் நினைக்கவில்லை.

இதைக் கடைக்கார அம்மாவிடம் கேட்டேவிட்டேன். அறுபது வயதிருக்கும், பச்சை ஸ்வெட்டர். அவர் கோபப்படவில்லை. "அட்டை சப்ளையர் அனுப்பறது. சண்டை போடற அட்டைதான் சீக்கிரம் விக்குது" என்றார். அப்புறம் ஆள் இல்லாத நேரம் என்பதால் உட்கார வைத்துப் பேசினார். இந்தப் பேச்சுக்காகவே அந்தக் கடைக்குப் போகலாம்.

21ஆம் தேதி அவர் ஊரை ஒட்டிய டோர் குன்றில் ஏறுவார். 158 மீட்டர் உயரம், உச்சியில் நிற்பது புனித மிக்கேலின் பழைய கோயில் கோபுரம். அதன் காலடியில் நின்றுதான் இவர்கள் சூரியனை வரவேற்கிறார்கள். அவருடைய அம்மா செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்து ஆள். மூட்டு வலி, குன்றில் ஏற முடியாது, ஆனால் அடிவாரத்தில் மின்ஸ் பை என்ற கிறிஸ்துமஸ் பலகார டப்பாவோடு காத்திருப்பார். 24ஆம் தேதி இரவு இவர் அம்மாவோடு கோயிலுக்குப் போவார். பாட்டெல்லாம் பாடுவார், விசுவாசப் பிரமாணம் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வார். "அம்மாவுக்குத் தெரியும். பாதிரியாருக்கும் தெரியும்" என்றார்.

எல்லாப் பேகன்களும் இப்படி இல்லை என்றும் சொன்னார். கிறிஸ்துமஸ் அட்டையே வாங்கிக்கொள்ளாத நண்பர்கள் அவருக்கு உண்டு; சின்ன வயதில் சபையில் பட்ட காயம் அவர்களுக்கு. அவருக்கே எரிச்சல் வருவது இரண்டு விஷயத்தில். யூல் என்றால் சாத்தான் வழிபாடு என்று நினைத்து யாராவது கதவிடுக்கில் நரகத்தைப் பற்றிய கைப்பிரதி செருகிவிட்டுப் போவது ஒன்று. 'நாம எல்லாரும் ஒண்ணையேதானே கொண்டாடறோம்' என்று முதுகில் தட்டுவது இன்னொன்று. "ஒண்ணு இல்ல. என்னுடையதுல மீட்பர் கிடையாது, நீண்ட ராத்திரி முடியுது, அவ்வளவுதான். பக்கத்து பக்கத்துல வச்சுக்கலாம், கலக்க வேண்டாம்" என்றார். கிறிஸ்தவளான எனக்கு இது அந்த அட்டைகளை விட மரியாதையாகப் பட்டது.

வியாபாரக் கணக்கும் இருக்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்கப் பேகன் என்று எழுதியவர்கள் சுமார் 74,000 பேர். அவர்களை மட்டும் நம்பி ஒரு தெரு நிறையக் கடை ஓடாது. நான் இருந்தபோது வந்தவர்கள் எல்லாம் கிறிஸ்துமஸ் மரத்துக்குத் தொங்கவிட உலர்ந்த ஆரஞ்சுத் துண்டும் மரத்தாலான சூரியனும் வாங்கிப் போனார்கள். பிறகு அவர்களையே திருடர் என்று அட்டை போட்டு விற்பானேன்?

கண்ணாடி அலமாரியில் ரெசினுக்குள் முள் வைத்த கழுத்து டாலர் ஒன்று, 9 பவுண்டு. இயேசுவை அடக்கம் செய்த அரிமத்தியா யோசேப்பு இங்கே வந்து கோலை ஊன்ற, அது மரமாகி வருடத்தில் இரண்டு முறை, கிறிஸ்துமஸை ஒட்டியும் வசந்தத்திலும் பூத்தது என்பது ஊர்க்கதை. அப்படி இரண்டு முறை பூக்கும் ஹாதார்ன் என்ற முள்மர வகை இன்றும் செயின்ட் ஜான்ஸ் வளாகத்தில் நிற்கிறது. ஒவ்வொரு டிசம்பரும் அதில் ஒரு கிளையைப் பள்ளிக்கூடப் பிள்ளை வெட்ட, அரண்மனைக்கு அனுப்புகிறார்கள். வியரியால் குன்றில் நின்ற மரத்தில் பேகன்கள் ரிப்பன் கட்டி வேண்டிக்கொள்வார்கள். 2010 டிசம்பரில் யாரோ அதை வெட்டிப் போட்டபோது இரு தரப்பும் அழுததாக அந்த அம்மா சொன்னார். டாலரில் இருப்பது அந்த மரத்து முள்தானா என்று கேட்டேன். "முள்தான். அந்த மரம்னு சொல்ல மாட்டேன்" என்றார். நேர்மைக்கு ஒரு மார்க் கூட்டினேன், டாலரை வாங்கவில்லை.

என் கணக்கில் ஐந்துக்கு மூன்றரை. தூபமும் புல்லுருவியும் சாய்வு அட்டையும் தோழிக்கு எடுத்துக்கொண்டேன். கட்டை வாங்குவதென்றால் தேன்மெழுகு கேட்டு வாங்குங்கள், கேட்காமல் தர மாட்டார்கள். ஐந்து பவுண்டுக்குக் கீழே கார்டு எடுக்க மாட்டார்கள், சில்லறை வைத்திருங்கள். 24ஆம் தேதி மதியம் வரை திறந்திருக்கும். 21ஆம் தேதி காலையில் மட்டும் போகாதீர்கள், கடைக்காரர் குன்றின் மேல் இருப்பார்.