பள்ளத்தூர் அத்தையின் காலும் ஒரு சின்ன டாப்ளரும்

முன்னோருக்குச் செய்யும் படைப்புக்காகச் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போய் வந்தோம். படைப்பு நல்லபடியாக நடந்தது. எழுத வேண்டியது அத்தையின் வலது காலைப் பற்றித்தான்.

பள்ளத்தூர் வீட்டுக்குள் நுழைந்ததுமே அந்தக் கட்டு கண்ணில் பட்டது. பாதத்திலிருந்து முழங்கால் வரை க்ரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். அத்தைக்குச் சர்க்கரை உண்டு. கட்டைவிரல் நுனியில் புண். பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கெண்டைக்காலில் புடைத்திருந்த நரம்பைப் பார்த்துவிட்டு, "வெரிகோஸ் வெயின், கட்டைக் கழற்றாதீங்க, காலைத் தூக்கி வையுங்க" என்று அனுப்பிவிட்டார்களாம்.

"தூக்கி வச்சா உயிர் போகுதுப்பா. ராத்திரி கட்டில்ல இருந்து காலைத் தொங்கப் போட்டாத்தான் கண்ணை மூட முடியுது" என்றார் அத்தை.

அங்கே யாராவது இதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தாலே போதும். வெரிகோஸ் வெயின் என்பது சிரைக் கோளாறு, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில் கோளாறு. அப்படி என்றால் நிற்க நிற்கக் கால் கனக்கும், வீங்கும். தூக்கி வைத்தால் சுகமாக இருக்கும். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் தமனியில் அடைப்பு என்றால் தூக்கினால் வலி கூடும், தொங்கவிட்டால் குறையும். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சர்க்கரை நோயாளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதத்தைச் சோதிப்பது சாதாரண வழக்கம். நாடி இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். இங்கே அத்தையின் பாதத்தை ஒருவரும் தொடவில்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அன்று மாலையே காரைக்குடியில் ஒரு சின்ன கிளினிக்குக் கூட்டிப் போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர், முப்பது சொச்சம் வயதிருக்கும். முதலில் கட்டை வெட்டி எடுத்தார். பாதத்தின் மேலும் உள் கணுக்காலுக்குப் பின்னாலும் விரல் வைத்து நிதானமாகத் தேடினார். இடது காலில் நாடி கிடைத்தது, வலதில் இல்லை. "நடந்தா என்ன பண்ணுது ஆச்சி?" என்று கேட்டார். "ஊருணிக்கரை போறதுக்குள்ள கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். கொஞ்ச நேரம் நின்னா விட்டுரும்." இதை வீட்டில் எல்லோரும் வயசுக் கோளாறு என்றே நினைத்திருந்தோம்.

அப்புறம் ரத்த ஓட்டத்தைக் கேட்க உதவும் கையடக்கமான ஒரு டாப்ளர் கருவியை எடுத்தார். இரண்டு கைகளிலும் பிரஷர் பார்த்து, கூடுதலாக இருந்த 150-ஐ வைத்துக்கொண்டார். வலது கணுக்காலில் 72. கணுக்கால் அளவைக் கையின் அளவால் வகுத்தால் 0.48. 1.0 முதல் 1.4 வரை சரியான அளவு, 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு, 0.5-க்கும் கீழே போய்விட்டால் இறுக்கிக் கட்டவே கூடாது என்றார். இடது காலில் 1.45 காட்டியது. நல்ல எண்ணாக இருக்கிறதே என்று நான் சந்தோஷப்படுவதற்குள், சர்க்கரை நோயில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிட்டால் எண் இப்படிப் பொய்யாக ஏறும், அதை நம்பக் கூடாது, கால்விரலில் பிரஷர் பார்க்க வேண்டும் என்றார்.

புண்ணைப் பார்த்த விதம் இன்னும் அருமை. சிரைப் புண் பெரும்பாலும் உள் கணுக்காலுக்கு மேலே வரும். ஆழமில்லாமல் நீர் கசியும், சுற்றிலும் தோல் பழுப்பேறியிருக்கும். அத்தையின் புண் விரல் நுனியில், வெளிறி, காய்ந்து, ஓரம் வெட்டியெடுத்தது போல இருந்தது. புடைத்த நரம்பும் பொய்யில்லை. ஆகவே ஒரே தாளில் இரண்டு நோயையும் தனித்தனியாக எழுதினார். சிரைக்கு, 1994-இல் வந்த 'சீப்' (CEAP) வகைப்பாட்டில் சி2: நரம்பு புடைப்பு மட்டும், வீக்கமோ தோல் மாற்றமோ இல்லை. சிரையால் வந்த ஆறாத புண் என்றால் சி6 ஆகியிருக்கும். தமனிக்கு ஃபோன்டெய்ன் வகைப்பாட்டில் நான்காம் நிலை. அறிகுறியே இல்லாதது முதல் நிலை, நடந்தால் வலி இரண்டாவது, சும்மா இருக்கும்போதே வலி மூன்றாவது, புண்ணோ அழுகலோ வந்துவிட்டால் நான்காவது. அத்தை ஊருணிக்கரையில் நின்று நின்று போனபோதே இரண்டாம் நிலையில் இருந்திருக்கிறார்.

எந்த வகை என்று பிரித்தால்தானே வைத்தியம் தெரியும்? ஒன்றுக்கு மருந்தாகும் இறுக்கமான கட்டு, இன்னொன்றில் இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் நிறுத்திவிடும். சிங்கப்பூரில் இப்படி ஒரு டாக்டரைப் பார்க்க நாள் கொடுத்துக் காக்க வைப்பார்கள். காரைக்குடியில் அன்று சாயங்காலமே எல்லாம் தெளிவாகிவிட்டது. பக்கத்து ஊரில் இது கூடவா முடியாது?

மறுநாள் மதுரையில் ஸ்கேன். தொடைத் தமனியில் அடைப்பு என்று தெரிந்தது, பலூன் வைத்துத் திறந்தார்கள். இப்போது அத்தை காலை நீட்டிப் படுக்கிறார். புண்ணும் ஆறி வருகிறது.

முதலில் கட்டுப் போட்டு அனுப்பிய அந்த ஆஸ்பத்திரிக்கு நேரில் போய்க் கேட்டேன். "எங்ககிட்ட அந்த மெஷின் இல்ல சார்" என்றார்கள். விரல் இருந்ததே! புண்ணோடு வருகிற ஒவ்வொருவருக்கும் பாத நாடி இருந்ததா இல்லையா என்று சீட்டில் ஒரு வரி எழுதச் சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பதில் வந்தால் எழுதுகிறேன்.