வாஸ்ப் ஜூனியர் எஞ்சின்: ஆயில் குடிக்கும், ஆனாலும் பிடிக்கும்

பிராட் அண்ட் விட்னியின் ஆர்-985 வாஸ்ப் ஜூனியர் என்ற பழைய விமான எஞ்சினின் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயில். நின்றால் ஒழுகும், பறந்தால் குடிக்கும். டி ஹாவிலண்ட் கனடாவின் பீவர் விமானத்தில், பறந்துகொண்டே ஆயில் ஊற்றுவதற்காக ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் காக்பிட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

9 சிலிண்டர்கள், சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி, நடுவில் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி நிற்கும். பிஸ்டனை அந்தத் தண்டோடு இணைப்பது ராட். ஒரு சிலிண்டரில் மாஸ்டர் ராட், மற்ற எட்டு ராடுகளும் அதில் கோத்திருக்கும். சிக்கலும் இங்கேதான். எஞ்சினை நிறுத்தி வைத்தால் ஆயில் மெல்லக் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் ஆயில் நசுங்காது, ராட் வளையும், அப்போது ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு பின்னொரு நாள் வானத்தில் உடையும். அதனால் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னீட்டோவை அணைத்து, புரொப்பல்லரைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும். எங்கேயாவது முட்டி நின்றால் பலம்காட்டக் கூடாது, பின்னால் சுற்றவும் கூடாது. பின்னால் சுற்றினால் அந்த ஆயில், காற்று உள்ளே வரும் இன்டேக் குழாய்க்குள் போய் ஒளிந்துகொண்டு, ஸ்டார்ட் ஆனதும் திரும்பி வரும். கீழ் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வடிக்க வேண்டும், வேறு வழியில்லை.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? காற்றே இதைக் குளிர்விக்கிறது. ரேடியேட்டரும் கூலன்ட்டும் இல்லாததால் கெட்டுப்போகும் சாமான்கள் அவ்வளவு குறைவு. ஒரு சிலிண்டர் போனால் எஞ்சினை இறக்காமலே அதை மட்டும் மாற்றலாம். கனடாவின் ஏரிகளில் இறங்கும் மிதவை விமானங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி! 2,300 ஆர்பிஎம்மிலேயே 450 குதிரைத்திறன் வந்துவிடுவதால் கியர் இல்லாமல் புரொப்பல்லரை நேரடியாக மாட்டியிருக்கிறார்கள். அந்தத் தாழ்ந்த உறுமலைக் கேட்டவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

விட்டம் 1.1 மீட்டருக்கு மேல், அதனால் காற்றுத்தடை அதிகம். அவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல் செலவும் அதிகம். இறங்கும்போது திராட்டிலைச் சட்டென்று மூடினால் சிலிண்டர்கள் திடீரெனக் குளிர்ந்து விரிசல் விடலாம். தினமும் பல மணி நேரம் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு பிடி6 என்ற டர்பைன் எஞ்சின்தான் சரி.

1950களிலேயே உற்பத்தி நின்றுவிட்டது, இப்போது கிடைப்பதெல்லாம் ஓவர்ஹால், அதாவது முழுக்கப் பிரித்துப் பழுது பார்த்தவை. வாங்குவதாக இருந்தால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், லாக் புத்தகத்தைக் கேளுங்கள்: கடைசியாக ராடுகளை வெளியே எடுத்துச் சோதித்தது எப்போது, எத்தனை மாதம் சும்மா நின்றது. பதில் வராவிட்டால் வேறு எஞ்சின் பாருங்கள்.