டாக்ஸ் ரீஃபண்ட் ஏஜென்சிகளிடம் மாட்டாதீர்கள்: 612 பவுண்டில் 293.76 போய்விட்டது

யூகேயில் படித்துக்கொண்டே பார்ட்-டைம் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாரும் தயவுசெய்து இதைப் படியுங்கள். எனக்குத் திரும்ப வரவேண்டிய 612 பவுண்டு வருமான வரியில் 293.76 பவுண்டை ஒரு ரீஃபண்ட் ஏஜென்சி எடுத்துக்கொண்டது. பெயரை எழுதவில்லை. இதே வேலையைச் செய்யும் வெப்சைட்டுகள் நிறைய இருக்கின்றன. என்ன நடந்தது, நீங்களே எப்படி வாங்குவது, இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வரி ஏன் கூடுதலாகப் பிடிக்கிறார்கள் என்று பார்க்கலாம். 2024-25 வரி ஆண்டில் 12,570 பவுண்டு வரை வருமான வரியே கிடையாது. அந்த விலக்கு முழுவதும், எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று முதலாளிக்குச் சொல்லும் 1257எல் என்ற டாக்ஸ் கோடாக முதல் வேலையில் போய் உட்கார்ந்துவிடும். இரண்டாவது வேலையில் சேரும்போது ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்ற படிவத்தில் "வேறு வேலையும் இருக்கிறது" என்ற சி-யை டிக் செய்ய வேண்டும். உண்மை அதுதான், வேறெதையும் டிக் செய்யக் கூடாது. ஆனால் அங்கே பி.ஆர். கோடு விழும், முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடிப்பார்கள். அந்த ஆண்டில் என் சம்பளம் முதல் வேலையான சூப்பர்மார்க்கெட்டில் 4,590, இரண்டாவதான ரெஸ்டாரண்டில் 3,060, மொத்தம் 7,650 பவுண்டு. வரம்புக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அப்படியும் ரெஸ்டாரண்ட் கொடுத்த பி60-இல் (ஆண்டுச் சம்பளமும் பிடித்த வரியும் போட்ட தாள்) வரி 612 பவுண்டு. முழுக்க என் பணம்.

தேடினால் முதலில் வந்தது விளம்பரம். அரசாங்கப் பக்கம் மாதிரியே நிறம், எழுத்து, நடுவில் ஒரு கால்குலேட்டர். "ரீஃபண்ட் வரவில்லை என்றால் கட்டணம் இல்லை." நம்பரைக் கொடுத்ததும் வாட்ஸ்அப்பில் தமிழிலேயே பேசினார்கள். "தம்பி, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். பி60 போட்டோவும் என்.ஐ. (நேஷனல் இன்ஷூரன்ஸ்) நம்பரும் அனுப்புங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கிறோம்." அந்த 'தம்பி'யில்தான் நம்பிக்கை வந்தது. போன் திரையில் விரலால் போட்ட கையெழுத்துக்கு என்ன அர்த்தம் தெரியுமா? யூகே வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. தரும் பணம் நேராக ஏஜென்சி கணக்குக்குப் போகட்டும் என்று நாமே நியமித்துக் கொடுப்பது. கட்டணம் 40 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீத வாட். 244.80 கூட்டல் 48.96, ஆக 293.76 பவுண்டு. கிட்டத்தட்ட பாதி! பெரிய எழுத்தில் 40 இருந்தது, வாட் அடியில் பொடி எழுத்தில்.

அதற்குப் பிறகு கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: "எச்.எம்.ஆர்.சி.யில் தாமதம்." எச்.எம்.ஆர்.சி.யில் எனக்கு இருக்கும் ஆன்லைன் கணக்கான பர்சனல் டாக்ஸ் அக்கவுண்டைத் திறந்தால் ரீஃபண்ட் கொடுத்தாகிவிட்டது என்று தேதியோடு இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பிய பிறகு "அக்கவுண்ட்ஸ் டீம் பார்க்கிறது." அப்புறம் 318.24 மட்டும் வந்தது. மீதி எங்கே என்றால் "டெர்ம்ஸைப் படியுங்கள்." தமிழில் பேசியவர் மெசேஜைப் பார்க்கிறார், பதில் மட்டும் இல்லை.

இந்த 293.76 பவுண்டுக்கு அவர்கள் செய்த வேலை நம் போனிலேயே முடிகிற வேலை. ஏப்ரல் 5-இல் வரி ஆண்டு முடிந்ததும் முதலாளிகள் அனுப்பிய கணக்கை எச்.எம்.ஆர்.சி. தானே சரிபார்த்து, கூடுதலாகப் பிடித்திருந்தால் பி800 கடிதம் அனுப்பும். ஆன்லைனில் கேட்கலாம் என்று அதில் இருந்தால், கேட்ட 5 வேலை நாளுக்குள் பணத்தை நம் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுவார்கள். கட்டணம் ஒரு பென்னி கிடையாது.

விரிவாக எழுத நினைத்தேன், இருக்கிற ஆத்திரத்தில் இவ்வளவுதான் முடிகிறது. ஆண்டு நடுவிலேயே டாக்ஸ் அக்கவுண்டில் இரண்டு வேலையின் உத்தேச வருமானத்தையும் திருத்துங்கள். எச்.எம்.ஆர்.சி. விலக்கை இரண்டு வேலைக்கும் பிரித்து டாக்ஸ் கோடுகளை மாற்றினால் பணம் சம்பளத்தோடு வரும். வேலையை விட்டு 4 வாரம் ஆகி, அந்த ஆண்டில் வேறு வேலைக்குப் போகப்போவதில்லை என்றால் வேலையை விடும்போது தரும் பி45-ஐ வைத்து பி50 படிவத்தில் ரீஃபண்ட் கேளுங்கள். நாட்டை விட்டே போகிறீர்கள் என்றால் பி85 படிவம். வரியோடு சேர்த்து, சம்பளத்தில் தனியாகப் பிடிக்கும் என்.ஐ. பணத்தையும் வாங்கித் தருகிறோம் என்பவரை நம்பாதீர்கள். ஒரு வேலையில் வாரச் சம்பளம் 242 பவுண்டைத் தாண்டினால் அந்த வாரத்துக்கு என்.ஐ. பிடிப்பார்கள், ஆண்டு மொத்தம் குறைவு என்று திருப்பித் தர மாட்டார்கள். டாக்ஸ் அக்கவுண்டுக்குள் நுழையும் கேட்வே பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள். யூனிஃபார்ம் துவைத்த செலவு என்று பொய்க் கணக்கு எழுதி ரீஃபண்டை ஊதிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிடிபட்டால் எச்.எம்.ஆர்.சி. உங்களிடம்தான் திருப்பிக் கேட்கும். அவசரமும் வேண்டாம், 2024-25 வரியை 2029 ஏப்ரல் 5 வரை கேட்கலாம்.

ஏற்கெனவே ஆன்லைனில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? 14 நாளுக்குள் ஏஜென்சிக்கு ரத்து என்று மெயில் அனுப்புங்கள். நியமனத்தைத் திரும்பப் பெறுவதாக எச்.எம்.ஆர்.சி.க்கும் உடனே எழுதுங்கள். பணம் அவர்கள் கணக்குக்குப் போவதற்கு முன்னால் செய்தால்தான் உண்டு.